வீட்டைக் கொடுத்துவிடலாம், கடனைக் கொடுக்க முடியுமா?

நண்பர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மதியம் தடிமனான கோப்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். 2021இல் நியூ ஜெர்சியில் வாங்கிய வீட்டின் காகிதங்கள். முப்பது ஆண்டுக் கடன், வட்டி 2.75 சதவீதம். குடும்பத்துடன் இந்தியா திரும்ப முடிவு செய்திருந்தார். மனைவியின் தம்பி பக்கத்து ஊரிலேயே எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறார், வாடகை வீட்டில் இருக்கிறார். "வீட்டையும் கடனையும் அப்படியே மைத்துனன் பெயருக்கு மாற்றிவிடலாம் என்று பார்க்கிறேன். அவன் அமெரிக்கக் குடிமகன் இல்லையே, அது ஒன்றுதான் சந்தேகம்" என்றார்.

அவர் ஒரே சந்தேகம் என்று நினைத்தது உண்மையில் வரிசையில் நான்காவதாக நிற்கும் சந்தேகம். உங்கள் கடன் எந்த வகை, வாங்கிக்கொள்பவர் உங்களுக்கு என்ன உறவு, அவருடைய வருமானமும் கிரெடிட்டும் (கடனைத் திருப்பிக் கட்டிய வரலாறு) எப்படி என்ற மூன்று கேள்விகளைத் தாண்டிய பிறகுதான் அவருடைய பாஸ்போர்ட்டைப் பற்றிப் பேச்சு வரும். பெரும்பாலான முயற்சிகள் முதல் கேள்வியிலேயே முடிந்துவிடுகின்றன. நான் வழக்கறிஞரும் அல்ல, வரிக் கணக்காளரும் அல்ல. அவர்களிடம் மணிக்கணக்கில் பணம் கொடுத்துப் பேசப் போகுமுன் என்ன கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மூன்று காகிதங்கள்

வீடு வாங்கிய நாளில் கை வலிக்கக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அந்தக் கட்டிலிருந்து மூன்றை மட்டும் தனியே எடுத்து மேசையில் வையுங்கள்.

முதலாவது கிரயப் பத்திரம். இங்கே டீட் என்பார்கள். வீடு யாருடையது என்று சொல்வது அதுதான். இரண்டாவது கடனுறுதிச் சீட்டு, சுருக்கமாக நோட். இவ்வளவு பணம் வாங்கினேன், இன்ன வட்டியில், இத்தனை ஆண்டுகளில் திருப்பித் தருவேன் என்று நீங்கள் கொடுத்த வாக்கு. மூன்றாவது அடமானப் பத்திரம். வாக்குத் தவறினால் வீட்டை விற்றுப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று கடன் கொடுத்தவருக்கு நீங்கள் தந்த பிடி. சில மாநிலங்களில் இதன் பெயர் மார்ட்கேஜ், சில மாநிலங்களில் டீட் ஆஃப் டிரஸ்ட்.

பேச்சுவாக்கில் நாம் இந்த மூன்றையும் சேர்த்தே மார்ட்கேஜ் என்கிறோம். குழப்பம் முழுவதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஏனென்றால் டீடை மாற்றுவது மிக எளிது. இந்த வீட்டில் எனக்குள்ள உரிமையை விட்டுத்தருகிறேன் என்று சொல்லும் குவிட்கிளெய்ம் டீட் ஒன்றை எழுதி, நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட்டு, கவுண்டி பதிவு அலுவலகத்தில் கட்டணத்துடன் கொடுத்தால் வேலை முடிந்தது. வங்கியின் சம்மதம் இருக்கிறதா என்று அந்த அலுவலகத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். "பெயர் மாற்றியாகிவிட்டது" என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

மாறியது வீட்டின் பெயர் மட்டும். நோட்டில் உங்கள் கையெழுத்து அப்படியேதான் இருக்கிறது. இப்போது மைத்துனர் வீட்டுக்காரர், நீங்கள் கடன்காரர். அவர் இரண்டு மாதம் தவணை கட்டத் தவறினால் அடிபடுவது உங்கள் கிரெடிட். அந்த வீட்டை விற்கவும் உங்களால் முடியாது, அது உங்களுடையது அல்லவே. அவருக்கு நாளை கடன் தொல்லையோ விவாகரத்தோ வந்தால் அந்த வழக்கில் இந்த வீடும் சேரும், உங்கள் கடன் அதனடியில் மாட்டிக்கொண்டிருக்கும். வீட்டின் உரிமையில் சிக்கல் வந்தால் காக்கும் பழைய உரிமைக் காப்பீடு குவிட்கிளெய்முக்குப் பிறகு புது உரிமையாளருக்குத் துணை வராமல் போவதும் உண்டு.

இதற்கு நேர்மாறான விபத்தும் நடக்கிறது. நண்பனுக்குக் கடன் கிடைக்கவில்லை என்று நோட்டில் கூடக் கையெழுத்திட்டுவிட்டு, டீடில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்க்காமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். பொறுப்பு முழுதாக உண்டு, செங்கல் ஒன்றுகூடச் சொந்தமில்லை.

அடமானப் பத்திரத்தில் ஒரு பத்தி

நண்பரின் கோப்பில் நாங்கள் தேடியது ஒரே ஒரு பத்தியை. வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை விலைக்கு வாங்கிக்கொள்ளும் ஃபேனி மே, ஃப்ரெடி மேக் நிறுவனங்களின் பொதுப் படிவத்தில் அச்சான அடமானப் பத்திரம் என்றால் பழைய படிவத்தில் 18ஆவது பிரிவு, புதிய படிவத்தில் 19ஆவது பிரிவு. வீட்டையோ அதில் உள்ள உரிமையின் ஒரு பகுதியையோ எங்கள் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் கைமாற்றினால், மீதிக் கடன் முழுவதையும் உடனே கட்டச் சொல்லலாம் என்கிறது அது. இதற்கு டியூ ஆன் சேல் என்று பெயர். விற்றால்தான் என்று இல்லை, சும்மா கொடுத்தாலும் இது பாயும்.

இந்தப் பத்திக்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது. 1981இல் அமெரிக்க வீட்டுக் கடன் வட்டி 18 சதவீதத்தைத் தாண்டியது. அதற்கு முன் எட்டு, ஒன்பது சதவீதத்தில் கடன் வாங்கியவர்கள் வீட்டை விற்கும்போது கடனையும் சேர்த்தே கைமாற்றினார்கள். கடன் கொடுத்தவர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். சில மாநிலங்கள் மக்கள் பக்கம் நின்றன. 1982இல் நாடாளுமன்றம் கார்ன்–செயின்ட் ஜெர்மைன் சட்டத்தை இயற்றி, டியூ ஆன் சேல் பத்தி நாடு முழுவதும் செல்லும் என்று முடித்துவைத்தது. கூடவே, இந்தப் பத்தியைப் பயன்படுத்தக் கூடாத சில சந்தர்ப்பங்களையும் எழுதிவைத்தது. குடும்பங்களுக்குப் பயன்படுவது அந்தப் பட்டியல்தான்.

கணவனோ மனைவியோ பிள்ளையோ வீட்டில் உரிமையாளர் ஆனால் கடன் கொடுத்தவர் முழுத் தொகையைக் கேட்க முடியாது. விவாகரத்துத் தீர்ப்பின்படி வீடு ஒருவருக்குப் போனாலும் அப்படியே. கடன் வாங்கியவர் இறந்து, அதனால் வீடு உறவினருக்கு வந்தாலும் அப்படியே. இந்த மூன்றிலும், வீட்டைப் பெறுபவர் அதில் குடியிருப்பவராகவோ குடியேறப் போகிறவராகவோ இருக்க வேண்டும் என்று அரசின் விதி சேர்த்துச் சொல்கிறது. நீங்களே பயனாளியாக நீடிக்கும் குடும்ப டிரஸ்ட்டுக்கு வீட்டை மாற்றுவதற்கும் சலுகை உண்டு.

இப்போது பட்டியலில் இல்லாதவர்களைப் பாருங்கள். உயிரோடு இருக்கும் அண்ணன் உயிரோடு இருக்கும் தம்பிக்குக் கொடுத்தால் பாதுகாப்பு இல்லை. பெற்றோருக்குக் கொடுத்தால் இல்லை. மைத்துனர், அத்தை மகன், சித்தப்பா எவருக்கும் இல்லை. நண்பருக்கு எந்தக் காலத்திலும் இல்லை. நமக்கு உறவு என்றால் அது ஊர் கொள்ளாத வட்டம். இந்தச் சட்டத்துக்கு உயிரோடு இருக்கும்போது உறவு என்றால் துணையும் பிள்ளைகளும் மட்டும்.

இந்தப் பட்டியலில் குடியுரிமை பற்றி ஒரு வார்த்தைகூடக் கிடையாது. மாணவர் விசாவில் இருக்கும் மகள் அந்த வீட்டில் குடியிருந்தால் அவளுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. அமெரிக்கக் குடிமகனான மைத்துனருக்கு இல்லை.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. பாதுகாப்பு உள்ள இடத்திலும், வங்கி முழுத் தொகையைக் கேட்க முடியாது என்பது மட்டும்தான் சலுகை. கடன் மகளின் பெயருக்கு மாறிவிட்டது என்று பொருள் அல்ல. நோட்டில் இருப்பது இன்னமும் அப்பாவின் கையெழுத்து.

"தவணை ஒழுங்காக வந்துகொண்டிருந்தால் வங்கி கண்டுகொள்ளாது" என்று அனுபவசாலிகள் சொல்வதை நானும் கேட்டிருக்கிறேன். வட்டி குறைந்துகொண்டே வந்த காலத்தில் அதில் உண்மை இருந்திருக்கலாம், பழைய கடனை மூடச் சொல்லி வங்கிக்கு என்ன லாபம். இன்று 2.75 சதவீதத்தில் மாட்டிக்கொண்டிருக்கும் பணத்தைத் திரும்பப் பெற்று அதைவிடக் கூடுதல் வட்டியில் கொடுக்க ஒரு காரணம் கிடைத்தால் அதை விட்டுவிடுவார்கள் என்று நம்பி வீட்டைப் பந்தயம் வைக்க எனக்குத் துணிவில்லை. வீட்டுக் காப்பீட்டில் உரிமையாளர் பெயர் மாறும் நாளிலேயே கடன் கணக்கைப் பார்ப்பவர்களுக்கு விஷயம் தெரிந்துவிடும். பெயரை மாற்றாமல் விட்டால், தீ விபத்து நடந்த அன்று காப்பீட்டு நிறுவனத்துக்கு வேறு மாதிரி தெரியும்.

கடனையே கைமாற்றும் வழி

நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர் அசம்ப்ஷன். புதியவர் உங்கள் கடனை அதே வட்டி, அதே மீதிக் காலம், அதே மீதித் தொகையுடன் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறார். கடன் கொடுத்தவர் அவரைச் சோதித்துப் பார்த்துச் சம்மதிக்கிறார். உங்களுக்கு விடுவிப்புக் கடிதம் தருகிறார்.

இதற்கு ஏன் இவ்வளவு ஆசைப்படுகிறார்கள் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. மீதி 3 லட்சம் டாலர், இன்னும் 25 ஆண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். 2.75 சதவீதத்தில் அசலும் வட்டியும் சேர்ந்து மாதம் சுமார் 1,384 டாலர். அதே தொகையை அதே 25 ஆண்டுகளுக்கு 6.5 சதவீதத்தில் புதிதாக வாங்கினால் சுமார் 2,026 டாலர். மாதம் 642 டாலர் வித்தியாசம். இருபத்தைந்து ஆண்டுகளில் 1,92,000 டாலரைத் தாண்டுகிறது. ஃப்ரெடி மேக் வாராந்தரக் கணக்கில் முப்பது ஆண்டுக் கடனின் சராசரி வட்டி 2021 ஜனவரியில் 2.65 சதவீதம் வரை இறங்கி, 2023 அக்டோபரில் 7.79 வரை ஏறியது. அந்த இறக்கத்தில் கடன் வாங்கியவர்களுக்குக் கடனே ஒரு சொத்து.

ஆனால் எல்லாக் கடனையும் இப்படிக் கைமாற்ற முடியாது. அரசின் வீட்டு வசதி நிர்வாகமான எஃப்.எச்.ஏ.வின் காப்பீடு பெற்ற கடன்கள், படைவீரர்களுக்கான வி.ஏ. கடன்கள், கிராமப்புறங்களுக்கான யு.எஸ்.டி.ஏ. கடன்கள் ஆகிய அரசு ஆதரவுக் கடன்களில்தான் இந்த வழி பொதுவாகத் திறந்திருக்கிறது. கன்வென்ஷனல் என்று சொல்லப்படும் சாதாரணக் கடன்களில் நிலையான வட்டி உள்ளவை அநேகமாக மாற்ற முடியாதவை. மாறும் வட்டிக் கடன்கள் சிலவற்றில் மட்டும் வாய்ப்பு உண்டு, நோட்டைப் படித்தால் தெரியும்.

எஃப்.எச்.ஏ. கடன் 1989 டிசம்பர் 15க்குப் பிறகு எழுதப்பட்டது என்றால், ஏற்பவரின் வருமானம், கடன்கள், கிரெடிட் எல்லாம் சோதிக்கப்படும். மாதந்தோறும் கட்டிவந்த மார்ட்கேஜ் காப்பீட்டுக் கட்டணமும் கடனோடு சேர்ந்தே அவரிடம் போகும். வி.ஏ. கடனுக்கு 1988 மார்ச் 1 முதல் அதே மாதிரி முன்னனுமதி தேவை. ஏற்பவர் படைவீரராக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை என்பது பலருக்கு ஆச்சரியமான செய்தி. மீதித் தொகையில் 0.5 சதவீதம் அரசுக்குக் கட்டணம். ஆனால் படைவீரர் அல்லாத ஒருவர் கடனை ஏற்றால், கொடுத்த படைவீரரின் வி.ஏ. கடன் தகுதியில் அந்தப் பங்கு கடன் தீரும்வரை முடங்கிக் கிடக்கும். தங்கை கணவருக்கு உதவப் போய், நாளை தனக்கு வீடு வாங்கும்போது கையில் தகுதி இல்லாமல் நிற்பார்.

அடுத்த முட்டுக்கட்டையைப் பற்றி யாரும் முதல்நாள் பேசுவதில்லை. வீட்டின் விலை 5 லட்சம், கடன் மீதி 3 லட்சம். கடனை மைத்துனர் ஏற்றுக்கொண்டார். நடுவில் இருக்கும் 2 லட்சம் யாருடையது? உங்களுடையது. அதை அவர் ரொக்கமாகத் தர வேண்டும், அல்லது இரண்டாவது கடன் வாங்கித் தர வேண்டும், அல்லது நீங்கள் அன்பளிப்பாக விட்டுக்கொடுக்க வேண்டும். கடைசி வழியை எடுத்தால் வரித்துறை எட்டிப்பார்க்கும். அதற்குப் பிறகு வருகிறேன்.

விடுவிப்புக் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தவணைக் கணக்கில் பெயர் சேர்த்துக்கொள்வதும், மைத்துனரின் வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க ஏற்பாடு செய்வதும் விடுவிப்பு ஆகாது. நோட்டின் பொறுப்பிலிருந்து இன்னார் விடுவிக்கப்படுகிறார் என்று உங்கள் பெயர் எழுதிக் கையெழுத்தான காகிதம் வேண்டும். அது கைக்கு வரும்வரை டீடில் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள் கடன் எந்த வகை என்று தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம், பலருக்கும் தெரியாது. மாதாமாதம் பணம் வாங்கும் நிறுவனம் பெரும்பாலும் கடன் கொடுத்தவர் அல்ல. அது தவணை வசூலித்துக் கணக்கு வைக்கும் சர்வீசர். கடனின் உண்மையான உரிமையாளர் வேறு. ஃபேனி மே, ஃப்ரெடி மேக் இரண்டும் தங்கள் இணையதளத்தில் முகவரியைக் கொடுத்துத் தேடும் வசதி வைத்திருக்கின்றன. சர்வீசரை அழைத்தால் அசம்ப்ஷன் பிரிவு வேண்டும் என்று கேளுங்கள். நண்பர் என் மேசையிலிருந்தே மறுநாள் அழைத்தார். நாற்பது நிமிடம் இசை கேட்டோம். எடுத்த பெண்மணி, கடனைப் புதிதாக வாங்குவதைப் பற்றியே பேசினார். மூன்றாவது முறை கேட்ட பிறகுதான் சரியான பிரிவுக்கு இணைப்பு கிடைத்தது. தவணை வசூலிப்பவருக்கு இந்த வேலையில் பெரிய லாபம் இல்லை, அவசரமும் இல்லை. மாதக்கணக்கில் இழுக்கும் என்று எண்ணித் திட்டமிடுங்கள்.

இப்போது பாஸ்போர்ட்

அமெரிக்காவில் வீடு வைத்துக்கொள்ளக் குடியுரிமை தேவையில்லை. சுற்றுலா விசாவில் வந்தவரும் வாங்கலாம். விதிவிலக்காக, சில மாநிலங்கள் குறிப்பிட்ட சில நாட்டவர்களுக்குத் தடை போட்டிருக்கின்றன. ஃபுளோரிடாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டம் சீனா, ரஷ்யா, ஈரான், வட கொரியா, கியூபா, வெனிசுவேலா, சிரியா ஆகிய நாட்டவரைக் குறிவைக்கிறது. டெக்சாஸும் 2025 செப்டம்பரில் இதே போன்ற ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவும் இலங்கையும் ஃபுளோரிடாவின் பட்டியலில் இல்லை.

கடன் என்று வரும்போது கேள்வி வேறு. சம கடன் வாய்ப்புச் சட்டத்தின்படி, பிறந்த நாட்டைக் காரணம் காட்டி ஒருவருக்குக் கடன் மறுக்கக் கூடாது. ஆனால் இந்த நாட்டில் தொடர்ந்து இருக்க அவருக்கு உரிமை இருக்கிறதா, கடனைத் திரும்ப வசூலிக்க முடியுமா என்று தெரிந்துகொள்ள விசா நிலையைக் கேட்கலாம். இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடு மெல்லியது.

நிரந்தர வசிப்புரிமை தரும் கிரீன் கார்டு இருப்பவருக்கு அநேகமாகக் குடிமகனுக்கு உள்ள விதிகளே. எச்-1பி, எல்-1 போன்ற விசாவில் சட்டப்படி வேலை பார்ப்பவருக்கும், ஃபேனி மே விதிப்படி, குடிமகனுக்குக் கொடுக்கும் அதே நிபந்தனைகளில் கடன் கொடுக்கலாம். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாமல் ஐ.டி.ஐ.என். என்ற வரி எண் மட்டும் உள்ளவர்களுக்குச் சில கடன் சங்கங்களும் சிறு வங்கிகளும் தங்கள் சொந்தப் பொறுப்பில் கடன் தருகின்றன. முன்பணமும் வட்டியும் கூடுதலாக இருக்கும்.

பெரிய மாற்றம் எஃப்.எச்.ஏ.வில் நடந்தது. 2025 மார்ச்சில் அறிவித்து, மே 25 முதல், நிரந்தர வசிப்புரிமை இல்லாதவர்களை அந்தத் திட்டத்திலிருந்து விலக்கிவிட்டார்கள். அதுவரை எச்-1பிக்காரர்கள் தாராளமாக எஃப்.எச்.ஏ. கடன் வாங்கி வந்தார்கள். வேடிக்கையைப் பாருங்கள். கைமாற்ற முடியாத கன்வென்ஷனல் கடன் விசாக்காரரை வரவேற்கிறது, கைமாற்ற முடிந்த எஃப்.எச்.ஏ. கதவைச் சாத்துகிறது. உங்களுடையது எஃப்.எச்.ஏ. கடன், ஏற்க வருபவர் விசாவில் இருக்கிறார் என்றால், அவருடைய விசா நிலையைச் சொல்லி, தகுதி உண்டா என்ற பதிலை எழுத்தில் வாங்கிய பிறகே வழக்கறிஞருக்கும் மதிப்பீட்டாளருக்கும் பணம் கொடுங்கள்.

வரித்துறையின் பக்கம்

இங்கேதான் குடியுரிமையும் வசிப்பிடமும் உண்மையில் பல்லைக் காட்டுகின்றன.

அன்பளிப்பு வரி கொடுப்பவர் மேல் விழுவது. ஒருவருக்கு ஓர் ஆண்டில் 19,000 டாலர் வரை கொடுத்தால் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, இது 2025க்கும் 2026க்கும் உள்ள வரம்பு. மேலே சொன்ன 2 லட்சத்தை விட்டுக்கொடுத்தால் அன்பளிப்பு வரிக்கான படிவம் 709 தாக்கல் செய்ய வேண்டும். குடிமக்களுக்கும் இங்கேயே நிலையாகக் குடியிருப்பவர்களுக்கும் வாழ்நாள் விலக்கு மிகப் பெரியது, 2026இல் 1.5 கோடி டாலர். அதனால் படிவம் உண்டு, வரி இல்லை.

பொறி எங்கே என்றால், வருமான வரிக்கு நீங்கள் வசிப்பாளரா என்று பார்ப்பதும் அன்பளிப்பு வரிக்குப் பார்ப்பதும் வேறு வேறு அளவுகோல்கள். முதலாவதற்கு கிரீன் கார்டு, நாட்டில் இருந்த நாள்கள். இரண்டாவதற்கு, இதுதான் என் நிலையான வீடு என்ற எண்ணம் உங்களுக்கு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நிரந்தரமாக ஊர் திரும்ப முடிவெடுத்த, குடிமகன் அல்லாத ஒருவரை அன்பளிப்பு வரிக்கு வெளிநாட்டவராகக் கருத இடம் இருக்கிறது. அப்படிக் கருதினால் வாழ்நாள் விலக்கு கிடையாது. 19,000 டாலருக்கு மேற்பட்ட அமெரிக்க வீட்டு மதிப்புக்கு 18 முதல் 40 சதவீதம் வரை வரி. நண்பரின் திட்டத்தில் எனக்கு மிகவும் பயமாக இருந்தது இதுதான். மைத்துனரின் விசாவைப் பற்றிக் கவலைப்பட்டவர், வரித்துறைக்குத் தான் யார் என்பதை யோசிக்கவில்லை.

மனைவிக்குக் கொடுப்பதில் வரம்பே இல்லை என்று ஒரு பொது நம்பிக்கை. பெறுபவர் அமெரிக்கக் குடிமகனாக இருந்தால்தான் அது சரி. குடிமகன் அல்லாத வாழ்க்கைத் துணைக்கு ஆண்டு வரம்பு 2025இல் 1,90,000 டாலர்.

விற்பனை என்று வந்தால் 1980ஆம் ஆண்டின் ஃபிர்ப்டா சட்டம் இருக்கிறது. வரிக்கு வெளிநாட்டவராக ஆகிவிட்ட ஒருவர் அமெரிக்க வீட்டை விற்றால், விற்பனைத் தொகையில் 15 சதவீதத்தை வாங்குபவர் பிடித்து 20 நாளில் வரித்துறைக்குக் கட்ட வேண்டும். லாபத்தில் அல்ல, மொத்தத் தொகையில். வாங்குபவர் ஏற்றுக்கொண்ட கடனும் அந்தத் தொகையில் சேரும் என்பதால், கையில் காசு மாறாவிட்டாலும் கணக்கு உண்டு. வாங்குபவர் தானே குடியிருக்கப் போகிறார் என்றால் 3 லட்சம் டாலர் வரை பிடித்தம் இல்லை, அதற்கு மேல் 10 லட்சம் வரை 10 சதவீதம். பிடிக்கத் தவறினால் பொறுப்பு வாங்கியவர் தலையில். அக்கா கணவரிடம் எப்படிப் பிடிப்பது என்று மைத்துனர் தயங்கினால், வரித்துறை மைத்துனரிடம் வரும். விமானம் ஏறுமுன், இன்னும் வசிப்பாளராக இருக்கும்போதே விற்பனையை முடித்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. ஐந்து ஆண்டுகளில் இரண்டு ஆண்டு குடியிருந்த வீடு என்றால் லாபத்தில் 2.5 லட்சம் டாலர், தம்பதி சேர்ந்து தாக்கல் செய்தால் 5 லட்சம் வரை வரி விலக்கும் உண்டு.

மாநில, கவுண்டி அளவில் பத்திர மாற்ற வரி, சொத்து வரி மறுமதிப்பீடு என்று தனிக் கதைகள் இருக்கின்றன. உதாரணத்துக்கு ஃபுளோரிடாவில் சும்மா கொடுத்த வீடானாலும் அதன் மேல் உள்ள கடன் மீதிக்கு முத்திரை வரி உண்டு, ஒவ்வொரு 100 டாலருக்கும் பெரும்பாலான கவுண்டிகளில் 70 சென்ட்.

கடனைத் தொடாத வழிகள்

கடன் கைமாறாது என்று தெரிந்துவிட்டால் மிஞ்சுவது இரண்டு. ஒன்று, சாதாரண விற்பனை. மைத்துனர் தன் பெயரில் புதுக் கடன் வாங்குகிறார், உங்கள் பழைய கடன் அடைகிறது, 2.75 சதவீதம் அத்துடன் போகிறது. குடும்பத்துக்குள் விற்கும்போது விலையில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து, அதையே அவருடைய முன்பணமாகக் காட்டவும் ஃபேனி மே அனுமதிக்கிறது. அந்தப் பங்குக்கு மேலே சொன்ன அன்பளிப்பு விதி உண்டு.

இரண்டாவது வாடகை. நானே குடியிருப்பேன் என்று அடமானப் பத்திரத்தில் நீங்கள் கொடுத்த உறுதி வழக்கமாக ஓராண்டுக்கானது. அது முடிந்திருந்தால் வாடகைக்கு விடலாம். மூன்று ஆண்டுக்கு மேற்படாத, பின்னால் வாங்கும் உரிமை சேர்க்காத வாடகை ஒப்பந்தத்தைக் காட்டி வங்கி கடனை மூடச் சொல்ல முடியாது என்று 1982ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. குறைந்த வட்டி உங்களிடமே இருக்கும், வீடும் உங்களுடையது. நீங்கள் வெளிநாட்டவராகிவிட்டால் மொத்த வாடகையில் 30 சதவீதப் பிடித்தம் என்பது பொது விதி. செலவு கழித்து நிகர வருமானத்துக்கு வரி கட்டுகிறேன் என்று தேர்ந்தெடுத்து, அதற்கான படிவத்தைக் குடியிருப்பவரிடம் கொடுத்தால் அதைத் தவிர்க்கலாம்.

"கடன் என் பெயரில் இருக்கட்டும், அவன் மாதாமாதம் கட்டட்டும்" என்ற வாய்மொழி ஏற்பாட்டையும் பார்த்திருக்கிறேன். செய்தே தீர வேண்டும் என்றால் தவணை அவருடைய கணக்கிலிருந்து நேராக சர்வீசருக்குப் போகட்டும். அவரும் நோட்டில் கையெழுத்திட்டவராக இருந்து, பன்னிரண்டு மாதம் தவறாமல் அவரே கட்டியதற்கு வங்கிச் சான்றும் இருந்தால்தான், நீங்கள் வேறு வீடு வாங்கும்போது இந்தக் கடனை உங்கள் சுமையில் சேர்க்காமல் விட ஃபேனி மே விதியில் இடம் உண்டு. உங்கள் கையில் பணம் வந்து நீங்கள் கட்டினால் அந்தச் சலுகை போய்விடும்.

நண்பரின் கடன் ஃபேனி மேயிடம் இருந்தது, கன்வென்ஷனல், நிலையான வட்டி. முதல் கேள்வியிலேயே கதவு மூடிவிட்டது. ஒரு வாரம் வருத்தமாக இருந்தார். பிறகு விமான டிக்கெட்டை இரண்டு மாதம் தள்ளிப்போட்டு, சந்தை விலைக்கே மைத்துனருக்கு விற்றார். மதிப்பீடு, உரிமைச் சோதனை, சம்பளச் சீட்டுகள், வரித் தாக்கல்கள், முன்பணம் எங்கிருந்து வந்தது என்ற விளக்கக் கடிதங்கள் என்று ஒன்பது வாரம் ஓடியது. மைத்துனரின் குடியுரிமை பற்றி அந்த ஒன்பது வாரத்தில் வங்கி கேட்டது ஒரே ஒரு காகிதம், எச்-1பி ஒப்புதல் சீட்டான ஐ-797. அதைத் தேடி எடுக்க அவருக்கு ஐந்து நிமிடம் ஆனது.